எட்டு வயதில் வேலை தெரிந்திருந்த ஊர்

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொழில் தெரிந்திருந்தது. சுற்றி வைத்த பீடியின் முனையை மடக்கி மூடத் தெரியும். தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டத் தெரியும். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தறிக்கு வேண்டிய நூலைத் தார் சுற்றிக் கொடுக்கத் தெரியும். வேகம், பொறுமை, எண்ணிக்கை பிசகாமல் கட்டுவது, சொன்ன நேரத்துக்குள் முடிப்பது என்று, இன்றைக்குப் பயிற்சிக் கூட்டங்களில் "எதிர்கால வேலைக்கான திறன்கள்" என்று திரையில் ஓடுகிற பட்டியலில் பாதியாவது அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது. பள்ளிக்கூடம்தான் இல்லை.

அதனால், தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகளை வேலைக்குத் தயார்ப்படுத்த வேண்டும் என்று யாராவது உற்சாகமாக ஆரம்பித்தால் எனக்கு உடம்பு கூசும். வேலூர் மாவட்டத்தில் எங்கள் குடியாத்தம் பக்கம் பாடம் நடத்துகிற யாருக்கும் கூசும். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைக்கு, கடைக்காரர் சில்லறை குறைவாகக் கொடுத்தால் "அண்ணா, இன்னும் அஞ்சு ரூபா வரணும்" என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டு விலாசம் கேட்டால் மாரியம்மன் கோயிலைக் கை காட்டுகிறது. பாடம் புரியவில்லை என்றால் அதை மறைப்பதில் மட்டும் கெட்டிக்காரத்தனம். இதையெல்லாம் நாங்கள் சொல்லித்தராமல் வேறு யார் சொல்லித்தருவது?

இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நாலாம், ஐந்தாம் வகுப்புகளோடு நான் செய்துவருவதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பழைய கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கக் கல்விக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் வகுப்பு. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிடர் கழகமும் திமுகவும் அதைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் முணுமுணுப்பு எழுந்தது. 1954-இல் ராஜாஜி விலகினார், காமராஜர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அதே வருடம் காமராஜர் சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தம் தொகுதி இடைத்தேர்தலில். இந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் மறக்கக் கூடாத தகவல் என்று நினைக்கிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொழில் அறிமுகம் என்று சொன்னதும் தமிழ்நாட்டில் ஏன் இத்தனை பேருக்குச் சுருக்கென்று குத்தியது என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கையால் வேலை செய்து கற்பதில் எனக்குச் சண்டை கிடையாது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மையமே கைத்தொழில்தான். குலக்கல்வியில் கோளாறு வேறு இடத்தில் இருந்தது. குயவர் பிள்ளை பானை, நெசவாளர் பிள்ளை தறி, துப்புரவு செய்கிறவர் பிள்ளை துடைப்பம். ஒருவர் வேலை இன்னொருவர் பிள்ளையின் கைக்குப் போகவே போகாது. பள்ளிக்கூடம் என்ற ஓர் இடத்தில்தான் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்காருகிறார்கள். அந்த இடத்திலிருந்து பாதி நாள் அவரவர் தெருவுக்குத் திருப்பி அனுப்புவதுதான் திட்டம் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே விதி. வகுப்பில் எந்த வேலையைக் கொடுத்தாலும் அது எல்லார் கைக்கும் போக வேண்டும். அவரவர் வீட்டு வேலை அவரவருக்கு முதலில் போகக் கூடாது. நெசவாளர் மகளை நூல் பிரிக்கச் சொல்ல மாட்டேன். கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுப்பேன். மளிகைக் கடைக்காரர் மகனுக்குக் கல்லாவைக் கொடுக்க மாட்டேன், பாத்திரம் அடுக்கட்டும்.

பழைய கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, அது கொஞ்சம் சந்தோஷமானது. வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, பிறகு வேலூர் என்று பெயர் மாறியது, 2019-இல் மூன்று மாவட்டங்களாகவும் ஆனது. இதற்கு நடுவில், 1990-களில், பீடித் தொழிலில் முன்பணத்துக்காகக் கொத்தடிமையாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளை மீட்கும் வேலை இங்கே பெரிய அளவில் நடந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. ஆனாலும் பிள்ளைகள் பீடி சுற்றும் முறத்தின் முன்னால்தான் இருந்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனிப் பள்ளிகள் ஏற்படுத்தினார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் வெட்கத்திலேயே ஓடிவிடும். அதற்கு வழி ஆந்திராவில், சித்தூரைத் தாண்டி மதனப்பள்ளிப் பக்கம் இருந்தது. அங்கே இருக்கும் ரிஷிவேலி என்ற கல்வி நிறுவனத்தின் கிராமப் பள்ளிகளில் பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாக உடைத்து, ஏணிபோல் அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தானே ஏறும்படி செய்திருந்தார்கள். அந்த முறையை இங்கே கொண்டுவந்தார்கள். பின்னால் விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது 2003-இல் 13 பள்ளிகளில் அதை ஆரம்பித்தார். 2007-08-இல் அது செயல்வழிக் கற்றல் என்று தமிழ்நாடு முழுவதும் போனது. மாநிலமே பார்த்த, அட்டைகளை அடுக்கி வைக்கும் அந்தத் தட்டுகளுக்கும் தாழ்வான கரும்பலகைகளுக்கும் வேர் எங்கள் மாவட்டத்துப் பீடிப் பிள்ளைகளிடம் இருக்கிறது.

செயல்வழிக் கற்றலை இன்றைக்குக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அட்டை கிழிந்தது, தட்டு குப்பையானது, ஆசிரியருக்கு மூச்சு விட நேரமில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் குழு பிரிக்கும் விதம் ஒன்று இருந்தது, அதை நான் இன்னும் விடவில்லை. ஆசிரியர் முழுதாக உதவும் குழு, ஆசிரியர் பாதி உதவும் குழு, கூடப் படிக்கிறவர் முழுதாக உதவும் குழு, அவர் பாதி உதவும் குழு, தானே செய்யும் குழு, கடைசியில் மதிப்பீடு. ஏழு வயதுப் பிள்ளை காலையில் வந்து தன் அட்டையை எடுத்துப் பார்த்து, "இன்னைக்கு எனக்கு மிஸ் வேணாம், சங்கீதா போதும்" என்று தெரிந்துகொண்டு போய் உட்காரும். எனக்கு இப்போது யாருடைய உதவி வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதைவிட வேலைக்குத் தயாராவது வேறென்ன? நாற்பது வயதில் அலுவலகத்தில் இது தெரியாமல் திண்டாடுகிறவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் வாழ்க்கைத் திறன் பயிற்சி நடக்கும்போது இந்த மாதிரி விஷயம் வராது. பத்துத் திறன்களின் பட்டியல் வரும். தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், சீர்தூக்கிச் சிந்தித்தல், படைப்பாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், பேசிப் புரியவைத்தல், உறவைப் பேணுதல், மன அழுத்தத்தையும் உணர்ச்சியையும் கையாளுதல். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பள்ளிகளுக்காக வகுத்தது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு சார்ட்டாகச் சுவரில் ஏறி அங்கேயே தங்கிவிடுகிறது. கத்திரி வெயிலில், மின்விசிறி நின்றுபோன அறையில், மன அழுத்தத்தைக் கையாளுவது பற்றி நாங்கள் குறிப்பெடுத்த மதியம் ஒன்று உண்டு. அன்றைக்குத் திறனைக் காட்டியது சார்ட் அல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த ஆயா.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

அரசு 2024-25-இல் மகிழ் முற்றம் என்று பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுவாகப் பிரிக்கச் சொன்னது. எங்கள் பிள்ளைகள் எல்லாருமே பாலை என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் வேலூர் வெயிலைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. வேலைப் பட்டியலை இந்தக் குழுக்களின் மேல் ஏற்றிவிட்டேன். வகுப்பறை கூட்டுவது, செடிக்குத் தண்ணீர், புத்தக அலமாரி, காலை உணவின்போது தட்டு எடுத்துக் கொடுப்பது, வராத பிள்ளையை விசாரிப்பது. வாரம் மாறினால் வேலை மாறும். கழிவறை இந்தப் பட்டியலில் கிடையாது. எந்தக் காரணத்துக்காகவும் வராது. அது சம்பளம் கொடுத்துச் செய்யவைக்க வேண்டிய வேலை, பிள்ளைகளுக்குப் பாடம் என்ற பெயரில் அதைத் தள்ளிவிடும் பள்ளிக்கூடத்தோடு எனக்குப் பேச்சே இல்லை.

பட்டியல் போட்ட புதிதில் ஓர் அம்மா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"இன்னா டீச்சர், எம் பையன கூட்ட வுட்டுக்கீறீங்களாமே? நான் பீடி சுத்தித்தான் பெரியாளானேன். எம் புள்ள அந்த முறத்தத் தொடக்கூடாதுன்னுதான் இஸ்கூலுக்கு அனுப்பறேன். நீங்க தொடப்பத்தக் குடுத்தா இன்னா அர்த்தம்?"

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க."

"உக்கார வரல. எங்க தெருப் புள்ளைங்களுக்கு மட்டும்தானா, எல்லாருக்குமா?"

சுவரில் இருந்த பட்டியலைக் காட்டினேன். பையனையே படிக்கச் சொன்னார். அவன் ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க, அவர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தது முகத்தில் தெரிந்தது. ஊர்த் தெருப் பிள்ளைகள் பெயர் கூட்டுகிற வரிசையில் வந்ததும் கொஞ்சம் தணிந்தார். முழுக்கத் தணியவில்லை.

"எல்லார் பேரும் கீது. டீச்சருங்க பேரு எங்க?"

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பெயரும் ஏறியது. தலைமை ஆசிரியரின் முறை வரும் வாரத்தில் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள், அவர் கூட்டுவதைப் பார்க்க. மூலையில் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லவும் செய்கிறார்கள். பெரியவர்களின் வேலையில் குறை இருந்தால் மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடவேளை எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த அம்மாவின் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழ் யாரையும் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் எந்த வீட்டில் அது உதவி, எந்த வீட்டில் அது கூலி என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? அதனால்தான் பள்ளிக்குள் கொடுக்கும் வேலை பிள்ளைக்குத் தெளிவாகத் தன்னுடையதாக, தான் உட்காரும் இடம், தான் படிக்கும் புத்தகம் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். ஆசிரியர் வண்டியைத் துடைப்பது, டீ வாங்கி வருவது இதில் சேராது. சேர்க்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை வகுப்பில் சந்தை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். வீட்டிலிருந்து தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் என்று ஆளுக்குக் கொஞ்சம் நானும் சக ஆசிரியரும் கொண்டுவருவோம். பருவத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் இருக்கும். காசு மட்டும் அட்டையில் வெட்டியது. ஒருவர் விற்க, ஒருவர் வாங்க, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கத்தரிக்காய்க்கு ஏன் விலை கூட என்று வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் பதில் சொல்லியாக வேண்டும். "முள்ளு குத்தும் மிஸ், அதான்" என்று ஒரு பையன் சொன்னான். பறிக்கிறவர் கைக்கும் விலை உண்டு என்று அதை வைத்தே மேலே பேச முடிந்தது.

பாட்டியோடு சந்தையில் கீரைக்கட்டு விற்க உட்காரும் பெண் ஒருத்தி இருந்தாள். எழுத்துக் கணக்கில் கழித்தல் வராது. சந்தை நாளில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மீதி கொடுப்பாள், ஒரு ரூபாய் பிசகாது. போதாக்குறைக்கு, பெரிய காயை மேலே வைத்துப் பொடிக் காயை அடியில் சேர்த்து எடை கட்டுகிற வித்தையையும் வகுப்புக்கே விளக்கினாள். இது அவள் ஒருத்தியின் விசேஷம் அல்ல. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்து 2025-இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதியிருந்தார்கள். சந்தைக் கணக்கை மனதில் போடும் பிள்ளை அதே கணக்கைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறது. பள்ளிக் கணக்கில் தேறும் பிள்ளை சந்தையில் நின்றால் திணறுகிறது. ஒரு பக்கத்துத் திறமை மறுபக்கத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே கீரைக்காரப் பெண்ணைக் கணக்கு எழுதும் இடத்தில் உட்காரவைத்தேன். வகுப்பில் கணக்கில் முதலாவதாக வரும் மாணவனை விற்க விட்டேன். இரண்டு பேரும் அன்று முழுக்க என்மேல் கோபமாக இருந்தார்கள். அடுத்தடுத்த மாதங்களில் அவன் அவளிடம் கேட்க, அவள் அவனிடம் கேட்க, என் வேலை குறைந்தது.

கேட்பது என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. எங்களிடம் படித்த ஒரு பெண் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். பள்ளிக்கு வந்தபோது சொன்னாள், "சூப்பர்வைசர் சொன்னது ஒண்ணுமே புரியல மிஸ். தலையாட்டிட்டேன். அன்னிக்கு வெட்டுனது பூரா வேஸ்டு." நம் பக்கத்துப் பிள்ளைகளின் தலையாட்டலுக்குச் சரி என்றும் பொருள், தெரியாது என்றும் பொருள், எப்போது மணி அடிக்கும் என்றும் பொருள். அந்தப் பெண் கெட்டிக்காரி. பிறகு நன்றாகவே வேலை கற்றுக்கொண்டாள். ஆனால் "இன்னொரு தடவ சொல்லுங்க" என்ற மூன்று வார்த்தையை யாரும் அவளைப் பழக்கியிருக்கவில்லை.

இப்போது வேண்டுமென்றே ஒரு தகவலை விட்டுவிட்டு வேலை கொடுப்பேன். "தாளை மடிச்சு வெட்டி ஒட்டுங்க" என்பேன், எதில் ஒட்டுவது என்று சொல்ல மாட்டேன். வருட ஆரம்பத்தில் எல்லாரும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எதிலாவது ஒட்டுவார்கள். சுவரில்கூட. ஆடி மாதம் வாக்கில் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கும். அதற்குப் பிறகு அது தொற்றிக்கொள்ளும். கடைசியில், நான் முழுதாகச் சொன்னாலும் "வேற எதுனா வுட்டுட்டீங்களா மிஸ்?" என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வகுப்பைப் பார்க்க வந்த அன்றும் அவரிடம் அப்படியே கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டார், நல்லவேளை.

ஊசி நூல் விஷயம் சுருக்கமாக. இலவசச் சீருடையின் பொத்தான்கள் ஆடி தாண்டுவதில்லை. பையன்கள் ஊக்கு குத்திக்கொண்டு வருவார்கள். நாலாம் வகுப்பில் எல்லாருக்கும் பொத்தான் தைக்கச் சொல்லித்தருகிறோம். "ஆம்பளப் பையனுக்கு இன்னாத்துக்கு?" என்று ஒரு பாட்டி கேட்டார். பக்கத்தில் நின்ற தையல்காரர், அவரும் ஒரு பையனின் அப்பா, "ஏன் பாட்டி, ஒம் பேரனுக்கு சட்ட தச்சது நான்தான், நான் ஆம்பள இல்லியா?" என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

வேலைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எதுவுமே சொல்ல வேண்டாமா என்றால், வேண்டும். என்ன ஆகப்போகிறாய் என்று நான் கேட்பதில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை இருக்கிற மாவட்டம், பாதி வகுப்பு டாக்டர் என்கும், மீதி நர்ஸ், போலீஸ், கலெக்டர் என்கும். அவர்கள் கண்ணால் பார்த்த, அதிகாரம் உள்ள வேலைகள் அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஐந்தாம் வகுப்பில் ஒரு பேட்டி வைத்திருக்கிறேன். தன் வீட்டைச் சேராத, தன் தெருவைச் சேராத ஒரு பெரியவரிடம் போய் அவர் வேலையைப் பற்றிக் கேட்டு வர வேண்டும். துணைக்கு இன்னொரு பிள்ளையும் ஒரு பெற்றோரும் போவார்கள். கேள்விகளைப் பிள்ளைகளே சேர்ந்து எழுதினார்கள். எப்போது எழுந்திருப்பீர்கள்? யார் சொல்லித்தந்தார்கள்? உடம்பில் எங்கே வலிக்கும்? தப்பாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் பிள்ளை இதே வேலைக்கு வர வேண்டுமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்களுக்காகவே நான் நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பஸ் கண்டக்டர் வேண்டாம் என்றார். கிராம சுகாதாரச் செவிலியர் வரட்டுமே என்றார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், "அவன் இஷ்டம், ஆனா என் கடைதானேன்னு யாரும் அவன உக்காரவெக்கக் கூடாது" என்று சொன்னதை ஒரு பையன் எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதி வந்தான். நாள் முழுக்க நிற்பதில் கால்தான் வலிக்கும், கை அல்ல என்பது அவனுக்குப் புதுச் செய்தி. அந்தக் கடைக்கு முடிவெட்டிக்கொள்ளப் போய்ப் பேசாமல் திரும்புகிற குடும்பம் அவனுடையது. பேட்டி முடிந்து இவன் வணக்கம் சொன்னபோது கடைக்காரர் எழுந்து நின்றாராம். இவனும் ஏன் என்று புரியாமல் திரும்ப உட்காராமல் நின்றிருக்கிறான்.

வகுப்பில் இதை வைத்து நான் எதுவும் விளக்கவில்லை. பேட்டிகளைப் படித்து முடித்ததும் பிள்ளைகள் தாங்களாகவே, எந்த வேலையில் தப்பானால் உடனே தெரியும், எதில் நாளைக்குத்தான் தெரியும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். சமையல் உடனே. மருந்து எழுதுவது நாளைக்கு. டீச்சர் வேலை எதில் என்று ஒரு வாய்த்துடுக்கு கேட்டது. "இருபது வருசம் கழிச்சு" என்று இன்னொன்று பதில் சொன்னது.

அமெரிக்காவில் மிச்சிகனில் 1960-களில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேரை வைத்து பெர்ரி முன்பருவப் பள்ளி என்று ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு நல்ல மழலையர் பள்ளி, மற்றவர்களுக்கு இல்லை. அறிவுத்திறன் தேர்வில் கிடைத்த முன்னிலை சில வருடங்களில் கரைந்துவிட்டது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, அந்தப் பள்ளிக்குப் போனவர்களில் வேலையில் இருந்தவர்களும் நன்றாகச் சம்பாதித்தவர்களும் அதிகம். அங்கே தினமும் நடந்தது எளிமையானது. இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று பிள்ளை சொல்லும், செய்யும், பிறகு எப்படி வந்தது என்று திரும்பிப் பார்த்துப் பேசும். இருபது வருடக் கணக்கைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் சார்ட்டுக்குப் பதிலாக இந்தத் திரும்பிப் பார்ப்பதைத்தான் வைத்திருக்கிறேன். குழு வாரியாக, அந்த வாரத்து வேலையில் எது அரைகுறை, ஏன், என்று பேசுவோம். பழி போடுவது முதல் மாதம் பலமாக இருக்கும். பிறகு "தண்ணி ஊத்த மறந்துட்டோம், புதன்கிழமை மழைன்னு நெனச்சோம்" என்று காரணம் பேச ஆரம்பிப்பார்கள்.

கடைசியாக, பிள்ளைகளை எழுதவைக்கும் தபால் அட்டை. இதைப் பற்றிக் கேட்டு மற்ற பள்ளி ஆசிரியர்களிடமிருந்து அடிக்கடி போன் வருவதால் விவரமாகவே சொல்கிறேன். கைப்பேசி வந்தபின் எதற்குத் தபால் என்பார்கள். முழு விலாசத்தைத் தப்பில்லாமல் எழுத, தெரியாதவரிடம் போய்க் கேட்டு வாங்க, ஒரு சின்ன இடத்துக்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க இதைப்போல ஒன்று கிடையாது. ஆதார் அட்டையைப் பார்த்து வீட்டு விலாசம் எழுதி வரச் சொன்னால், பாதி வீட்டில் அதில் பழைய ஊர் இருக்கும், அதைத் திருத்த வேண்டும் என்பதே அப்போதுதான் பெற்றோருக்குத் தெரியும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அப்பாக்கள் பல பேர். அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு விலாசம் கேட்டு வாங்குவதற்குள் பிள்ளை நாலைந்து முறை போனில் பேசி, தெரு, குறுக்குத் தெரு, பின்கோடு என்று எழுதிக்கொள்ளும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எப்போது பேசலாம், பேசினால் பெயர், ஊர், நடந்தது என்ன என்று எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதையும் இந்த வாரத்திலேயே சேர்த்துப் பழக்கிவிடுவோம்.

அட்டை ஒன்று 50 காசு. வகுப்பு முழுக்கச் சேர்த்தாலும் இருபது ரூபாய் தாண்டாது, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை. கிளைத் தபால் நிலையத்தில் எப்போதும் இருப்பு இருக்காது, பத்து நாள் முன்னதாகச் சொல்லி வையுங்கள். சொல்வதற்குப் பிள்ளைகளையே அனுப்புங்கள். போஸ்ட் மாஸ்டர் என்னிடம் "அப்புறம் பாக்கலாம் மேடம்" என்பார். ஐந்து பிள்ளைகள் கவுன்டர் முன்னால் வரிசையாக நின்று எந்தத் தேதிக்கு வரும் என்று கேட்டால் தேதி சொல்லிவிடுகிறார்.